தணல் அடங்கும் நேரம்

கமலாம்பிகையின் வீட்டுப் பின்வளவில் எரியும் நெருப்புக்கு எவரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. அது தானாகவே அடங்க வேண்டும். இப்படியொரு விதி இருப்பதாக யாரும் வாய்திறந்து சொன்னதில்லை. சொல்லாமலே எல்லோரும் அதன்படி நடந்தனர். கோப்பையின் அடியில் மிஞ்சிய தேநீரைக் கொட்ட வேண்டுமென்றால் எழுந்து புல்லின் ஓரம்வரை போய்க் கொட்டிவிட்டு வந்தார்கள். வானம் கறுத்துக் கிடந்த மாலைகளில் நெருப்பை மூட்டாமலே விட்டார்கள். அடுத்த வீட்டு றொபேட் செத்தவீட்டிலும் பகிடி விடக்கூடிய மனிதர். அவர்கூட இந்த ஒன்றில் வாய் வைத்ததில்லை.

வீடு அவர்கள் புலம்பெயர்ந்து வந்த நகரின் மோர்னிங்சைட் பகுதியில், ஓடைக்கரைக் காட்டுக்கு முதுகைக் காட்டியபடி நிற்கும் வரிசையில் கடைசிக்கு முந்தியது. வளவின் கோடியில், மேப்பிள் மரத்தின் கீழ், முழங்கால் உயரத்தில் ஓர் இரும்புத் தொட்டி. கடையில் அதற்கு 'பயர் பிற்' என்று பெயர். வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. வாங்கி வந்தவர் கமலாம்பிகையின் கணவர் இராஜரட்ணம். நகரத்துக்குள் வீட்டு வளவில் விறகு எரிக்கக் கூடாதென்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் சமைப்பதற்கான நெருப்பென்றால் பரவாயில்லையாம் என்று வேலையிடத்தில் எவரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, சனிக்கிழமை தோறும் தணலுக்குள் ஒரேயொரு வத்தாளங்கிழங்கைப் புதைத்துவிடுவார். "சமையல் நடக்குது!" என்பார், சட்டம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பதுபோலக் குரலை உயர்த்தி. சட்டம் உண்மையில் அப்படித்தான் சொல்கிறதா என்று அந்த வீட்டில் ஒருவரும் தேடிப் பார்க்கவில்லை. கிழங்கு பெரும்பாலும் கரிந்துபோய்விடும்.

விறகோடு சிரட்டையும் போடுவார். அயலில் தேங்காய் துருவுகிற வீடுகள் சிரட்டைகளைப் பையில் கட்டி அவருடைய பின்வாசல் மரத்தளத்து டெக் படியில் வைத்துவிட்டுப் போகும். சிரட்டைத் தணல் மற்றத் தணல்களைப் போன்றதன்று. மேலே சாம்பல் படிந்து செத்ததுபோலக் கிடக்கும்; உள்ளே மறுநாள் வரையிலும் உயிர் வைத்திருக்கும்.

பங்குனியில், கூரைப் பனி சொட்டத் தொடங்கியிருந்த ஒரு காலை, காரின் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டு நின்ற இராஜரட்ணம் அப்படியே சாய்ந்துவிட்டார். தகன மண்டபத்தில் மகன் ஜனார்த்தன் ஒரு பொத்தானை அழுத்தினான். சுவாலையை ஒருவரும் காணவில்லை. ஊரென்றால் மறுநாள் காடாற்றப் போவார்கள். எரிந்த இடத்தை நீரூற்றிக் குளிரவைத்த பின்னர்தான் எலும்பு பொறுக்குவார்கள். இங்கே ஆறிய சாம்பல் ஒரு பெட்டியில் வந்து சேர்ந்தது. அதன்பின், தணலில் நீர் ஊற்றுவதென்பதே ஜனார்த்தனுக்குச் சுடலைக் காரியமாகத் தோன்றியது. அவனுடைய மனைவி நிலாணி, எல்லாம் மாமியின் மனதுக்காக என்று எண்ணிக்கொண்டாள். றொபேட் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். சைவக்காரருக்கு நெருப்பு சாமி, தண்ணீர் ஊற்றினால் பாவமாக்கும் என்று தமக்குள் தீர்மானித்திருந்தார். ஒருவரை ஒருவர் கேட்டுப் பார்க்கவில்லை. இராஜரட்ணம் இருந்த காலத்திலும் ஊற்றியதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும், அது போதுமாயிருந்தது.

கமலாம்பிகைக்கு வேறொரு காரணம் இருந்தது. அதை அவள் எவரிடமும் சொல்லவில்லை.

கணவர் போனபின் சித்திரை முழுவதும் அவள் மேல்மாடி அறையை விட்டு இறங்கவில்லை. பிளாசாக் கடையொன்றில் அவள் பார்த்துவந்த தையல் வேலையும் நின்றுபோயிற்று. நிலாணி சாப்பாட்டைக் கதவடியில் வைத்துவிட்டுப் போவாள். பாதித் தட்டு அப்படியே திரும்பி வரும். வைகாசியில் ஒரு சனிக்கிழமை, என்ன நினைத்தானோ, ஜனார்த்தன் தொட்டியில் நெருப்பு மூட்டினான். புகை யன்னல் இடுக்கால் ஏறி வந்தது. சிரட்டை எரியும் அந்த மணம் அவளைக் கையைப் பிடித்து எழுப்பியதுபோலிருந்தது. படியிறங்கி, வெறுங்காலோடு புல்லில் நடந்து வந்து உட்கார்ந்தாள்.

சுவாலை இருக்கும்வரை அது வெறும் நெருப்புத்தான். சுவாலை விழுந்தபின் ஒரு நேரம் வரும். சிரட்டைகள் நித்திரையில் மூச்சு விடுவதுபோலச் சிவந்தும் மங்கியும் கிடக்கும். தொட்டிக்கு மேலே காற்று நீராகி நெளியும். அந்த நெளிவுக்கு அப்பால் மேப்பிள் மரம் சற்று இடம்மாறி நிற்கும். நேரான வேலி வளைந்து கொடுக்கும். எவருமில்லாத இடத்தில் ஒரு தோள் தெரியும். முதலில் தோள். பிறகு குனிந்த பிடரி. முகம் ஒருபோதும் முழுதாகத் தெரிவதில்லை. அவர் பேசுவதுமில்லை; இருந்த காலத்திலும் நெருப்புக்கு முன்னால் அவர் பேச்சுக் குறைந்தவர்தான். அவள்தான் மனதுக்குள் அந்தக் கிழமைக் கதைகளைச் சொல்லுவாள்: தையற்கடைக்கு வரும் நிரோஷினியின் கலியாணத்துக்குத் தைத்த சட்டையை இரண்டு தரம் பிரித்ததை, ஜனா மீசை வளர்த்துப் பார்த்துத் தோற்றதை, ஓடைக்கரையில் ஒரு மான் குட்டியோடு வந்து நின்றதை. தணல் சாம்பலுக்குள் முழுவதும் மறையும்போது அந்தத் தோளும் மறையும். அவள் எழுந்து மேலே போய்ப் படுப்பாள். அன்றைக்கு நித்திரை வரும். மற்ற நாட்களில் அந்த ஒரு நித்திரையின் மிச்சத்தைக் கொண்டு சமாளித்தாள். ஆனியில் தையல் வேலைக்கும் திரும்பிவிட்டாள்.

ஒரு பானைத் தண்ணீர் போதும், அந்த நேரத்தை நடுவில் அறுத்துவிட. ஆகவே விதியைக் காப்பவர்களிடையே அவளும் பேசாமல் இருந்தாள்.

ஒக்ரோபர் வந்தது. தாங்க்ஸ்கிவிங் வாரம். மழையைக் கண்டு நாளாகியிருந்தது. மேப்பிள் இலைகள் அப்பளம்போல் காய்ந்து உதிர்ந்தன. வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் நிலாணிக்கு அந்தத் தொட்டி தீராத கவலையாகியிருந்தது. பொறி பறக்காமலிருக்கக் கம்பிவலை மூடி வாங்கினாள். முழங்கைவரை வரும் தோற்கையுறை வாங்கினாள். படியடியில் மணல் நிரப்பிய வாளி வைத்தாள். தண்ணீர் என்ற சொல்லை மட்டும் அவள் உச்சரிக்கவில்லை.

"மாமி, கதிரையைக் கொஞ்சம் பின்னால எடுப்பம். உங்கட போர்வை பொலியெஸ்ரர்."

"பொறி என்னை என்ன செய்யும், பிள்ளை?"

"உங்களை ஒண்டும் செய்யாது. போர்வையை ஒரு நொடியில முடிச்சிரும். பிறகு உங்களிட்டை வரும்."

தம் வீட்டு வேலிக்கு மேலால் றொபேட் கழுத்தை நீட்டினார். "பிள்ளை, நீ லாபிலயோ வேலை செய்யிறாய், பயர் ஸ்ரேஷனிலயோ?"

"ரெண்டிலயும் தான், அங்கிள். இஞ்ச சம்பளம் இல்லை."

கமலாம்பிகை சிரித்தாள். கதிரையையும் சற்றுப் பின்னால் நகர்த்திக்கொண்டாள். அன்று தோள் தெளிவாகத் தெரிந்தது. மற்றவர்கள் முன்பே போய்விட்டிருந்தார்கள்; தணல் சாம்பல் போர்த்ததும் அவளும் எழுந்து உள்ளே போனாள், வழக்கம்போல.

மறுநாள் மத்தியானம் ஜனார்த்தன் இலை கூட்டினான். நகரசபை வண்டி எடுத்துப்போகும் பெரிய கடதாசிப் பைகளில் இலைகளைத் திணித்துக்கொண்டு வந்தவன், தொட்டியில் கிடந்த வெள்ளைச் சாம்பலையும் மண்வாரியால் அள்ளி ஒரு பைக்குள் போட்டான். நிரம்பிய பையை இரு வீட்டுக்கும் பொதுவான வேலியோரம் சாய்த்து வைத்தான். பின்னேரம் ஓடைப் பக்கமிருந்து காற்று எழும்பியது.

"ஜனா! டேய், ஜனா! என்ர வேலிக்கு ஆரடா சாம்பிராணி பிடிக்கிறது?"

கமலாம்பிகை சமையலறை யன்னலால் பார்த்தாள். பையின் அடிப்பாகம் இல்லை. அந்த இடத்தில் செம்மஞ்சளாய் ஒரு வாய் திறந்திருந்தது. கோயிலுக்குப் போட்ட கோட்டைக்கூடக் கழற்றாத றொபேட், பையைக் காலால் எற்றி இழுத்துச் சிமெந்து நடைபாதையில் தள்ளிவிட்டுத் தம் வீட்டுத் தண்ணீர் ஹோஸைப் பிடித்துக்கொண்டிருந்தார். வேலியின் இரண்டு பலகைகள் கறுத்து, ஓரம் நாக்குப்போலச் சிவந்துகொண்டிருந்தன. பலகைக்கு அப்பால், ஒரு முழம்கூட இல்லாத தூரத்தில், அவருடைய கராஜின் மரச்சுவர்.

எல்லாம் நனைந்து ஓய்ந்தபின் ஜனார்த்தன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். "ஆறிப்போச்செண்டு நினைச்சன், அங்கிள். மேல வெள்ளையாத்தான் கிடந்தது."

"சிரட்டை, ராசா. அது நடிக்கும்." வழக்கமான சிரிப்பு றொபேட்டின் குரலில் இல்லை. "வேலி போகட்டும். நானே அடிச்ச வேலி, திரும்ப அடிப்பன். கராஜுக்கு மேல இருக்கிற அறையிலதான் என்ர மனுசி மக்டலீன் படுத்திருந்தவ. மருந்து குடிச்சிட்டுப் படுத்தா இடி விழுந்தாலும் எழும்பமாட்டா. நான் பூசை முடிஞ்சு சாப்பாட்டுக்கு நிண்டிருந்தா…"

அன்று மாலை ஜனார்த்தன் தொட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்த் தன் கராஜின் மூலையில் கவிழ்த்துவைத்தான். இரும்பு சிமெந்தில் மோதிய ஒலி கமலாம்பிகையின் அறைவரை கேட்டது.

அந்தக் கிழமை அவள் ஒரு சட்டைக்கு இரண்டு இடக்கைகளை வெட்டினாள். பிழையைக் கண்டும் அதைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்தால் மேலே போய்விடுவாள். பாதித் தட்டுகள் மறுபடியும் படியிறங்கி வரலாயின. வியாழக்கிழமை, தண்ணீர் குடிக்கவென்று இறங்கியவள், சமையலறைப் பேச்சைக் கேட்டுப் படியில் நின்றாள்.

"கொளுத்தாட்டி அவ திரும்ப மாமா போன மார்ச்சுக்குப் போயிருவா, ஜனா. நீங்கள் பாக்கேல்லையே?"

"கொளுத்தினா வீடு போயிரும், நிலாணி. மக்டலீன் அன்ரி சாகப் பாத்தவ. சீரியஸ்லி."

"இந்தமுறை நான் பாத்துக்கொள்ளுறன்."

"எப்பிடிப் பாப்பாய்? ராவிரவா முழிச்சிருப்பியோ?"

கமலாம்பிகை அந்தப் படியிலிருந்தே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'வேண்டாம், விடுங்கோ' என்ற இரண்டு சொற்கள் நாக்கின் நுனிவரை வந்தன. ஆனால் சனிக்கிழமைக்கு நடுவில் ஒரு நாள்தான் இருந்தது. அவள் தண்ணீர் குடிக்காமலே திரும்பி ஏறினாள்.

சனிக்கிழமை வேலையால் வந்தபோது தொட்டி வெளியே இருந்தது. மரத்தடியில் அல்ல, வளவின் நடுவில், கற்பாளம் பதித்த இடத்தில், கிளையும் வேலியும் எட்டாத தூரத்தில். சுற்றுமுற்றும் ஓர் இலைகூட இல்லாமல் வாரியிருந்தார்கள். காற்று விழுந்திருந்தது. நிலாணி மூட்டிய நெருப்பு சின்னது. ஒரு கை விறகும் சில சிரட்டைகளும். றொபேட் தம் கதிரையைத் தாமே காவிக்கொண்டு வந்து சேர்ந்தார். கருகிய பலகைகளுக்குப் பதிலாக அவர் அடித்திருந்த புதுப் பலகைகள் அந்திக் கருக்கலில் வெளிறித் தெரிந்தன.

வெளிச்சம் மெல்ல வடிந்தது. ஓடைக்கரைக் காட்டின் விளிம்பில் கடைசி மஞ்சள் இலைகள் தமக்குள்ளே ஏதோ விளக்கு வைத்திருப்பவைபோலக் கொஞ்ச நேரம் மினுங்கின. பிறகு அவையும் இருண்டன. சுவாலை விழுந்தது. சிரட்டைகள் மூச்சு விடத் தொடங்கின.

இந்த நேரத்தில் மற்றவர்கள் எழுந்து போய்விடுவது வழக்கம். இன்று ஒருவரும் எழும்பவில்லை.

"அங்கிள், நீங்கள் போய்ப் படுங்கோவன். நாளைக்குப் பூசை எல்லே?" என்றாள் நிலாணி.

"எனக்கு நித்திரை வரேல்லை. நீ போ. விடியமுன்னம் வேலை உனக்குத்தானே?"

"எனக்குக் குளிரெண்டா நல்ல விருப்பம்." சொல்லும்போதே நிலாணியின் பற்கள் கிடுகிடுத்தன.

"குளிரில விருப்பமான தமிழ்ப்பிள்ளையை இண்டைக்குத்தான் காணுறன். ஜனா, உனக்கும் விருப்பமோ?"

"நான் ஹொக்கி பாக்கிறன்," என்றான் ஜனார்த்தன். கையிலிருந்த போனின் திரை எப்போதோ அணைந்திருந்தது.

றொபேட் அந்தக் கறுத்த திரையை எட்டிப் பார்த்தார். "ஆர் வெல்லுறாங்கள்?"

ஒருவரும் சிரிக்கவில்லை, ஆனால் எல்லோரும் கொஞ்சம் அசைந்து உட்கார்ந்தார்கள். கமலாம்பிகை கண்களைப் பாதி மூடிக்கொண்டாள். பேச்சுக்குரல்கள் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவனபோல மங்கின. தொட்டிக்கு மேலே காற்று நெளிந்தது. தூரத்தே நின்ற மேப்பிள் மரம் ஓரடி கிட்ட வந்தது. வேலி, பழைய பலகையும் புதுப் பலகையும் ஒன்றாகி, ஓடையைப்போல வளைந்தது.

அவர் வந்திருந்தார்.

முதலில் தோள். பிறகு பிடரி. அவள் அந்தக் கிழமைக் கதையைத் தொடங்கினாள்: பாருங்கோ, றொபேட்டின்ர வேலி எரிஞ்சுபோச்சு. அவர் திரும்பவில்லை. அவள் இன்னும் கிட்டப் போனாள். கனவில் கதிரையை விட்டு எழும்பாமலே கிட்டப் போகலாம். அவர் தொட்டிக்கு மேல் குனிந்திருந்தார். வலது கை நீண்டிருந்தது. புறங்கையைச் சாம்பலுக்கு மேல், தொட்டும் தொடாமலும், காய்ச்சற்காரப் பிள்ளையின் நெற்றியைப் பார்ப்பதுபோலப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கையை அவளுக்குத் தெரியும். எத்தனையோ சனிக்கிழமைகள் மேல்மாடி யன்னலால் பார்த்த கை. விருந்தாட்கள் போனபின், பிள்ளைகள் படுத்தபின், அவர் மட்டும் தனியே இருந்து அந்தச் சாம்பலைத் தடவித் தடவிப் பார்ப்பார்; கிளறுவார்; மறுபடி கையைப் பிடிப்பார். யன்னலைத் திறந்து அவள் ஒருமுறை ஏசியிருக்கிறாள். "பெண்சாதியைக் காட்டிலும் உந்த நெருப்பு உங்களுக்குப் பெரிசாப் போச்சு!" அவர் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "அது நித்திரையாகட்டும், கமலா. வாறன்."

அவள் அதை நெருப்பின் மேலிருந்த ஆசை என்றே எண்ணியிருந்தாள். இத்தனை காலமும். அவர் தண்ணீர் ஊற்றவில்லை; ஊற்றாதவர் கடைசிப் பொறி அணையும்வரை கூடவே இருந்தார். ஊற்றாததை எல்லோரும் கண்டார்கள், எடுத்துக்கொண்டார்கள். அவர் கூடவே இருந்ததைக் கண்டவள் அவள் ஒருத்திதான். அவளோ யன்னலைச் சாத்திவிட்டுப் படுத்துவிட்டாள்.

கண்ணைத் திறந்தாள். கை அங்கேயே இருந்தது. சாம்பலுக்கு மேல், புறங்கை கீழ்நோக்கி. ஆனால் அது மெலிந்த கை. மணிக்கட்டில் வேலைக்குக் கட்டும் தடித்த மணிக்கூடு. நிலாணி கதிரையிலிருந்து முன்னால் சரிந்து, பாதி நித்திரையில், வெப்பம் பார்த்துக்கொண்டிருந்தாள். கையைச் சற்று நேரம் பிடிப்பாள், இழுத்துக் கொள்வாள், தலை தொங்கும், திடுக்கிட்டு மறுபடியும் நீட்டுவாள். இதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஜனார்த்தன் மணல் வாளியைத் தன் காலடிக்கு இழுத்து வைத்திருந்தான். றொபேட் கோட்டின் கழுத்துப் பட்டியை உயர்த்திவிட்டுக்கொண்டு, செபமாலை சொல்பவர்போல உதடசைத்தபடி தொட்டியையே பார்த்திருந்தார். நெருப்புக் காய வந்தவர்கள் எவரும் அங்கே இல்லை. காவலிருப்பவர்கள்தான் இருந்தார்கள். அவள் எழும்பும்வரை எழும்பமாட்டார்கள். அவள் எழும்பிப் போனபின்னும், தணல் சாகும்வரை, இந்தப் பிள்ளை இங்கேயே கிடந்து விறைக்கும். விடியமுன்னம் வேலைக்கும் போகும்.

கமலாம்பிகை எழுந்தாள்.

"படுக்கப் போறியளோ, அம்மா?" ஜனார்த்தனின் குரலில் ஆறுதல் ஒளிக்க முடியாமல் தெரிந்தது.

அவள் புல்லைக் கடந்து, டெக் படியேறிச் சமையலறைக்குப் போனாள். சோற்றுப்பானை கழுவிக் கவிழ்த்தபடி இருந்தது. பைப்பைத் திறந்தாள். வெறும் பானையில் தண்ணீர் விழுந்த சத்தம் அந்த அமைதியில் உரத்துக் கேட்டது. வெளியேயும் கேட்டிருக்க வேண்டும். யன்னலுக்கு அப்பால் மூன்று உருவங்களும் ஒரே நேரத்தில் தலை நிமிர்த்தின. அவற்றுக்கு நடுவில், சிறிதாக, செந்நிறமாக, தணல் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதன்மேல் காற்று நெளிந்தது. தோள் இன்னும் அங்கேதான் இருக்கும். கொஞ்சம் தாமதித்தால் போதும்; தானாகவே அடங்கும்வரை பானையோடு இந்த யன்னலடியில் நின்றால் போதும், எவரும் ஒரு சொல் சொல்லமாட்டார்கள். அவளுடைய விரல்கள் பானையின் விளிம்பில் இறுகின. வரும் சனிக்கிழமையும் அதற்கடுத்த சனிக்கிழமையும் எப்படிப் போகுமென்று அவளுக்குத் தெரியவில்லை. நித்திரை வருமா என்றும் தெரியவில்லை.

பைப்பைப் பூட்டினாள்.

இரண்டு கையாலும் பானையை அணைத்துக்கொண்டு, தளும்பாமல், எல்லோரும் பார்த்திருக்கப் புல்லில் நடந்து வந்தாள். றொபேட் எழுந்து நின்றுவிட்டார். நிலாணி கையைச் சட்டென்று பின்னால் இழுத்தாள், களவில் பிடிபட்டவள்போல.

"அம்மா, என்ன செய்யிறியள்?"

"தள்ளி நில்லுங்கோ. ஆவி அடிக்கும்."

"அக்கா, அண்ணை ஒருநாளும்…" என்று தொடங்கினார் றொபேட்.

"அண்ணை விடிய விடிய இருந்தவர், றொபேட். இந்தப் பிள்ளை இருக்கேலாது."

தொட்டியின் ஓரத்திலிருந்து, சுற்றிவர, மெல்ல ஊற்றினாள். தணல் சீறியது. வெள்ளை ஆவி எழுந்து அவளுடைய முகத்தையும் மற்ற முகங்களையும் மூடியது. மரத்தையும் வேலியையும் மூடியது. அது விலகியபோது மரம் தன் இடத்தில் நின்றது. வேலி நேராக இருந்தது. இரண்டுக்கும் நடுவில் இருட்டைத் தவிர ஒன்றுமில்லை. அவள் அந்த இருட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மாமி…" நிலாணி கதிரையை விட்டு எழுந்தாள்.

"நீ போய்ப் படு, பிள்ளை. ஜனா, வாயைப் பிளந்துகொண்டு நில்லாமல் உந்தத் தடியை எடுத்து அடிவரைக்கும் கிளறு."

ஜனார்த்தன் கிளறினான். அடியில் புதைந்திருந்த சிரட்டையொன்று கண் விழித்ததுபோலச் சிவந்தது. கமலாம்பிகை வெறும் பானையோடு வீட்டுக்குள் போனாள், நிரப்பிக்கொண்டு வந்தாள், அந்தச் சிவப்பின் மேலேயே ஊற்றினாள்.